சௌண் ஆவணி அன்று: குமாவுன் மலைநாட்டுப் பருவ விழாக்களும் மாதப்பெயர் மொழிபெயர்ப்பும்

சில ஆண்டுகளுக்கு முன், இமயமலைச் சாரலின் சிற்றூர் வாழ்க்கையைப் பொருளாகக் கொண்ட இந்திக் கதைத்தொகுப்பு ஒன்றின் தமிழாக்கத்தை அச்சுக்குச் செல்லுமுன் பார்வையிடும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. மொழிபெயர்ப்பாளர் தேர்ந்தவர், நடை நன்றாக இருந்தது. ஆயினும் படித்துச் செல்லச் செல்ல ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. ‘ஆவணி முதல் நாள் ஹரேலா வந்தது’ என்று ஒரு கதை தொடங்கிற்று. மழை அப்போதுதான் இறங்கியிருக்கிறது. வயலில் நாற்று நட்டு முடித்திருக்கிறார்கள். மற்றொரு கதையில் மணமான பெண்ணொருத்தி ‘சித்திரை’ முழுவதும் தமையன் வரவை எதிர்பார்த்திருக்கிறாள். அவன் வந்து சென்றபின், அடுத்த மாதம் பிறக்கும் நாளில் ஊரார் புத்தாண்டு நீராடச் செல்கின்றனர். மூன்றாவது கதையில் நெய்த்திருவிழா ‘புரட்டாசி’யில் நிகழ்கிறது. மூலத்தை எடுத்து ஒப்பிட்டேன். மூலத்தில் முறையே ‘சாவன்’, ‘சைத்’, ‘பாதோ’ என்னும் சொற்கள் இருந்தன. மொழிபெயர்ப்பாளர் அகராதியைப் பார்த்தே எழுதியிருந்தார். அகராதியும் பிழையன்று. பிழை, அகராதி எந்த நாட்காட்டியைக் கருதிற்று என்பதில் இருந்தது.

அத்தமிழாக்கத்தில் ஆண்டு முழுவதும் ஒரு மாதம் தள்ளிப்போயிருந்தது. இத்தகைய தமிழாக்கங்கள் பிறவற்றிலும் இதே தள்ளாட்டத்தைக் காண முடிகிறது. அதற்கான காரணத்தையும் அதனைத் தவிர்க்கும் வழியையும் குமாவுன் பகுதியின் பருவ விழாக்களைச் சான்றாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மொழியும் நிலமும்

குமாவுன் என்பது இன்றைய உத்தராகண்ட் மாநிலத்தின் கிழக்குப் பகுதி. மேற்கே கட்வால். இவ்விரண்டும் 2000 நவம்பர் 9 வரை உத்தரப்பிரதேசத்தின் மலை மாவட்டங்களாக இருந்தன. குமாவுனி, கட்வாலி ஆகிய இரு மொழிகளையும் கிரியர்சன் தம் இந்திய மொழிகள் அளவாய்வின் ஒன்பதாம் தொகுதி நான்காம் பகுதியில் (1916) நடுப் பஹாடி என்னும் பிரிவில் வைத்தார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குமாவுனியைத் தாய்மொழியாகக் குறித்தோர் 20 இலட்சத்துக்குச் சற்று மேற்பட்டவர். கட்வாலியைக் குறித்தோர் ஏறத்தாழ 25 இலட்சத்தவர். இரு கூட்டத்தாரையும் கணக்கெடுப்பு ‘இந்தி’ என்னும் தலைப்பின்கீழ்த் தொகுத்துக் காட்டுகிறது. எட்டாம் அட்டவணையில் இம்மொழிகள் இல்லை.

இச்செய்தி மொழிபெயர்ப்பாளர்க்கு ஏன் வேண்டும் எனின், குமாவுன் வாழ்க்கை பெரும்பாலும் இந்தி வழியாகவே தமிழுக்கு வருகிறது. மலைநாட்டு எழுத்தாளர் இந்தியில் எழுதும்போது ‘சௌண்’ என்பதைச் ‘சாவன்’ என்றும், ‘பதோ’ என்பதைப் ‘பாதோ’ என்றும் திருத்தி எழுதுகிறார். சொல் சமவெளிச் சொல்லாகிறது. பொருள் மலைநாட்டுப் பொருளாகவே நிற்கிறது. மலைநாட்டு வாசகர்க்கு இதனால் இடர் இல்லை. தமிழ் மொழிபெயர்ப்பாளரோ சொல்லை மட்டுமே காண்கிறார்.

இரண்டு கணக்குகள்

வட இந்தியச் சமவெளியில் மாதம் என்பது சாந்திரமானம். அதிலும் பௌர்ணமியோடு முடியும் பூர்ணிமாந்தக் கணக்கு. அங்கே சாவன் மாதம் ஆஷாடப் பௌர்ணமிக்கு மறுநாள் தொடங்கும். ஆகவே அதன் தொடக்க நாள் ஆண்டுக்கு ஆண்டு முன்பின்னாக நகரும். குமாவுனிலும் கட்வாலிலும் அன்றாட வழக்கில் உள்ளது சௌரமானம். ஞாயிறு ஓர் இராசியினின்று மற்றொன்றினுள் புகும் சங்கராந்தியோடு மாதம் பிறக்கும். மாதத்தின் இறுதி நாளுக்கு ‘மசாந்த்’ (மாதாந்தம்) என்று பெயர். நாள்களை ஒன்று கதே, இரண்டு கதே என எண்ணுவர். ‘கதே’ என்பது ‘சென்றது’ எனப் பொருள்படும் ‘கத’ என்னும் வடசொல்லின் ஏழாம் வேற்றுமை வடிவம். நேபாளத்திலும் இதே வழக்கு உண்டு. சமவெளியாரும் மலைநாட்டாரும் ஒரே ஊரில் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்தாலும், சாவன் திங்கட்கிழமை நோன்பை வெவ்வேறு நாளில் தொடங்குவதற்குக் காரணம் இதுவே.

தமிழ் நாட்காட்டியும் சௌரமானமே. எனவே குமாவுன் மாதம் ஒவ்வொன்றுக்கும் மிகச் சரியான தமிழ் நிகரன் உண்டு. வேறு பல இந்திய மொழிகளுக்கு இல்லாத வாய்ப்பு இது. கன்னடம், தெலுங்கு ஆகியவற்றில் பெயர்ப்பவர் தம் சாந்திர மாதங்களோடு மல்லாட வேண்டும். தமிழில் பெயர்ப்பவர்க்கு நாள் நேராகப் பொருந்துகிறது, பெயர்தான் பொருந்தவில்லை. குமாவுனியில் மேட மாதம் பைசாக். தமிழில் அது சித்திரை. அங்கே மீன மாதம் சைத், இங்கே பங்குனி. இவ்வாறே ஜேட் வைகாசி, அஸாட் ஆனி, சௌண் ஆடி, பதோ ஆவணி, அசோஜ் புரட்டாசி, கார்த்திக் ஐப்பசி, மங்சீர் கார்த்திகை, பூஸ் மார்கழி, மாக் தை, பாகுண் மாசி ஆகும். பெரும்பாலானவை ஒத்த மூலத்தினின்று பிறந்த சொற்கள். பன்னிரண்டும் பொருளில் ஒரு மாதம் விலகியவை. ஒலியால் உறவும் பொருளால் விலக்கமும் கொண்ட சொற்கள் எல்லா மொழிகளிலும் உண்டு. ஆனால் ஒரு முழுத் தொகுதியே இவ்வாறு ஒரு படி நகர்ந்து நிற்பது அரிது.

இந்நகர்வு குமாவுனிக்கு மட்டும் உரியதன்று. வங்காளம், அசாம், ஒடிசா, பஞ்சாப் ஆகிய இடங்களிலும் மேட மாதம் வைசாகமே. தென்னாட்டிலோ துளுவும் தமிழின் பக்கமே நிற்கிறது. துளுவில் கடக மாதம் ‘ஆட்டி’, சிம்ம மாதம் ‘சோண’. ‘சோண’, ‘சௌண்’ இரண்டும் சிராவணம் என்னும் ஒரே சொல்லின் திரிபுகள்; ஆயினும் குமாவுனியின் சௌண் முடிந்த பின்னரே துளுவின் சோண தொடங்குகிறது. மலையாளம் மேடம், இடவம் என்று இராசிப் பெயர்களையே மாதப்பெயராகக் கொண்டதால் இக்குழப்பத்தினின்று தப்பிற்று.

எவ்வழக்கு சரி என்று வினவுவது பயனற்றது. அமாவாசையோடு முடியும் அமாந்தக் கணக்கின்படி, சைத்திரம் என்னும் சாந்திர மாதம் ஞாயிறு மீனத்தில் நிற்கும்போது தொடங்கி மேடத்தில் நிற்கும்போது முடிகிறது. ஆகவே அப்பெயருக்கு இரு சௌர மாதங்களும் உரிமை கோரலாம். வடநாட்டார் அது தொடங்கும் மாதத்துக்கும், தமிழர் அது முடியும் மாதத்துக்கும் அப்பெயரை வழங்கினர் எனலாம். விண்மீன்களைக் கொண்டும் இதனைக் காணலாம். ஞாயிறு மேடத்தில் நிற்கையில் வரும் பௌர்ணமியன்று திங்கள் எதிரேயுள்ள துலாத்தில் நிற்கும். துலாத்துள் அடங்குபவை சித்திரையின் பிற்பாதி, சோதி, விசாகத்தின் முதல் முக்கால். நாம் முதல் மீனைக் கொண்டு சித்திரை என்றோம். அவர்கள் கடை மீனைக் கொண்டு வைசாகம் என்றனர். எல்லா மாதங்களுக்கும் இவ்விளக்கம் இவ்வளவு துல்லியமாகப் பொருந்தாது. பெயர் தோன்றிய வரலாற்றுக்கும் இது சான்றாகாது. இரு வழக்கும் வானத்தோடு முரண்படவில்லை என்பதைக் காட்டுவதற்கு இது போதும்.

இவற்றோடு மூன்றாவது ஒரு சைத்திரமும் உண்டு. மேகநாத் சாகா தலைமையில் 1952இல் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவின் பரிந்துரைப்படி 1957 மார்ச் 22 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தேசிய நாட்காட்டியில் சைத்திரம் மார்ச் 22இல் (மிகுநாள் ஆண்டில் 21இல்) தொடங்குகிறது. அரசு ஆவணம் ஒன்றில் ‘சைத்திரம் 5’ எனக் கண்டால் அது மலைநாட்டு ஐந்து கதே அன்று என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

ஹரேலா

குமாவுன் பருவ விழாக்களுள் தலையாயது ஹரேலா. பேச்சுவழக்கில் ‘ஹர்யாவ்’. ஆண்டில் மும்முறை நிகழ்வது. சைத்திலும் அசோஜிலும் நவராத்திரியை ஒட்டி வருவன சிறியன. பெரியது சௌண் முதல் நாளாகிய கடக சங்கராந்தியில், அதாவது ஜூலை 16 அல்லது 17இல், வருவது. அதற்கு ஒன்பது பத்து நாள் முன்பே கூடையிலோ மண்தட்டிலோ மண்ணிட்டு, கோதுமை, வாற்கோதுமை, மக்காச்சோளம், கொள்ளு, உளுந்து, கடுகு போன்ற ஐந்து அல்லது ஏழு தானியங்களை விதைத்து, வீட்டுப் பூசையிடத்தில் வெயில் படாமல் வைப்பர். முதல் நாள் மாலையில் சிறு குச்சியால் களை கொத்துவது போன்ற சடங்கு நிகழும். சிவன் குடும்பத்தைக் களிமண்ணில் ‘டிகாரே’ என்னும் பாவைகளாகச் செய்து வழிபடுவர். சங்கராந்தியன்று முளைகளை அறுத்து, வீட்டுப் பெரியவர் ஒவ்வொருவர் தலையிலும் வைத்து நெடுவாழ்வு வேண்டி வாழ்த்துவார். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு அஞ்சல் உறையுள் இரண்டு மூன்று முளைத்தாள்களை வைத்து அனுப்புவது நெடுநாள் வழக்கம்.

பெயர் பச்சையைக் குறிக்கும் ‘ஹரா’ என்பதன் அடியாகப் பிறந்தது. ஆனால் இருளில் வளர்ந்த முளை மஞ்சளாக இருக்கும். எனவே ‘பசுமைத் திருநாள்’ என்று கடன்மொழிபெயர்ப்புச் செய்தபின் அடுத்த வரியிலேயே ‘மஞ்சள் தாள்களைத் தலையில் வைத்தாள்’ என்று எழுத நேரும். மூலத்திலும் அம்முரண் உண்டு; ஆனால் அங்கே அது வழக்கில் தேய்ந்து மறைந்துவிட்டது. தமிழில் புதிதாக ஆக்கிய தொடரில் அது துருத்திக்கொண்டு நிற்கும்.

தமிழ் வாசகர்க்கு இவ்விடத்தில் முளைப்பாரி நினைவுக்கு வருவது இயல்பே. வெயில் படாமல் வளர்ப்பதும், பல தானியங்களைக் கலப்பதும், முளையின் செழிப்பைக் கொண்டு ஆண்டின் விளைச்சலைக் கணிப்பதும் இரண்டிற்கும் பொது. வேறுபாடு முடிவில் உள்ளது. முளைப்பாரியைப் பெண்கள் ஊர்வலமாக எடுத்துச் சென்று நீரில் கரைப்பர். ஹரேலாவை அறுத்துத் தலையில் சூட்டுவர். முன்னது ஊர்ச் சடங்கு. பின்னது பெரிதும் வீட்டுச் சடங்கு. ஆதலால் விழாவின் பெயராக ‘முளைப்பாரி’ என்று இடுவதை நான் ஏற்கவில்லை. ஆயினும் முளை வளர்க்கும் தட்டைக் குறிக்குமிடத்து ‘பாரி’ என்னும் சொல்லைப் பயன்படுத்துவதில் தவறில்லை. விழாப்பெயரை ஹரேலா என்றே நிறுத்தி, பொருள்களுக்கு மட்டும் நம் சொற்களை வழங்குவதே பொருத்தம்.

மாதப்பெயரின் விளைவு இங்கேதான் முழுமையாகப் புலப்படும். சௌண் முதல் நாள் என்பது ஆடி முதல் நாள். அன்றே சேலம், நாமக்கல், கரூர்ப் பகுதிகளில் தேங்காய் சுடும் பண்டிகை. அதே மாதம் பதினெட்டாம் நாள் ஆடிப்பெருக்கு. ஆடிப்பட்டம் விதைப்புக் காலம். ‘ஆடி பிறந்த அன்று ஹரேலா அறுத்தனர்’ என்று எழுதினால் அடிக்குறிப்பு எதுவுமின்றி மழை, விதைப்பு, முளை மூன்றும் தமிழ் வாசகர் மனத்தில் எழும். ‘ஆவணி’ என்று எழுதியவர் நாளைத் தவறவிட்டதோடு, தமிழ் தானே முன்வந்து தரும் இத்துணையையும் இழந்தார்.

அவருக்கு ஆதரவாக ஒன்று சொல்ல வேண்டும். நம் இலக்கண உரைகள் கார்காலத்தை ஆவணி, புரட்டாசி என்று வகுக்கின்றன. வடமொழி மரபில் வர்ஷருது சிராவணம், பாத்ரபதம். பெயருக்குப் பெயர் பொருந்துவதால், சௌண் ஆவணியே என்னும் எண்ணத்துக்கு உரைமரபும் துணை நிற்பது போலத் தோன்றும். உண்மையில் குமாவுனின் மழை மாதங்கள் ஆடியும் ஆவணியும். இளவேனிலும் இவ்வாறே. நமக்குச் சித்திரை, வைகாசி. அவர்களுக்குச் சைத், பைசாக், அதாவது நம் பங்குனி, சித்திரை. பருவப்பெயரை மொழிபெயர்க்கும்போதும் இவ்விலக்கம் ஒரு மாதம் நகரும் என்பதை மறத்தலாகாது.

வாசலில் இட்ட பூ

சைத் முதல் நாள், மார்ச் 14 அல்லது 15இல், ஃபூல்தேயி. (முதலில் ஆய்தம் இட்டதன் காரணத்தைத் தமிழ் வாசகர்க்கு விளக்க வேண்டியதில்லை.) விடியற்காலையில் சிறுவர் சிறுமியர் கூடையில் பூப்பறித்து வந்து வீடுதோறும் வாசற்படியில் இட்டு வாழ்த்துவர். வீட்டார் அரிசி, வெல்லம், காசு தருவர். குமாவுனில் இது ஒருநாள் நிகழ்ச்சி. கட்வாலின் சில பகுதிகளில் எட்டு நாள், சில பகுதிகளில் மாதம் முழுவதும்.

‘தேயி’ என்பதை இந்தி வழி படிப்பவர் ‘தருதல்’ என்று கொண்டு ‘பூக்கொடை விழா’ என்று எழுதுவதுண்டு. அது ‘தேஹலீ’ என்னும் வடசொல்லின் திரிபு, பொருள் வாசற்படி. ஹகரம் கெட்டு ‘தேலி’ ஆகி, மேலும் தேய்ந்து ‘தேயி’ ஆயிற்று. இச்சொல் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. திருக்கோவலூர்ப் பெருமாளுக்குத் தேஹளீசர் என்று பெயர். முதலாழ்வார் மூவரும் நெருங்கி நின்ற இடைகழியைக் குறித்தது அது. இங்கே வீட்டின் உட்செல்லும் வழியையும் அங்கே கடக்கும் படியையும் ஒரே சொல் சுட்டுவதால், ஃபூல்தேயிக்கு ‘வாசற்பூ’ என்று பொருள் கூறுவது போதுமானது.

இடும் பூக்களுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. ஒன்று ‘ப்யோலி’ என்னும் சிறு மஞ்சட்பூ. மற்றது செந்நிறப் ‘புராம்ஸ்’. பின்னதை ஆங்கிலப் பெயரால் எழுதுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. நீலகிரியிலும் பழனி மலையிலும் இதே இனத்தின் தென்னாட்டு வகை வளர்கிறது. காட்டுப்பூவரசு என்று அதற்குப் பெயர். மலைக்கு மலை சொல் இருக்க இடையில் பிறமொழி எதற்கு?

சைத் மாதத்தில் தமையன்மார் மணமான தங்கையர் வீட்டுக்குத் துணி, இனிப்பு முதலியவற்றோடு செல்வர். இவ்வழக்கிற்கும் அப்பொருளுக்கும் ‘பிடௌலி’ என்று பெயர்; ‘சந்தித்தல்’ என்னும் வினையடியாகப் பிறந்தது. தமிழில் ‘சீர்’ என்பது ஏறத்தாழப் பொருந்தும். ஆடிச்சீர், பொங்கற்சீர் என்பன போலச் ‘சைத் சீர்’ என்றோ ‘பங்குனிச் சீர்’ என்றோ கூறலாம். ஆயினும் தமிழில் சீர் என்றவுடன் பொருளின் மதிப்பே முன்னிற்கும். பிடௌலியில் முன்னிற்பது காணுதல். சில இடங்களில் ‘பிறந்தவீட்டார் காண வருதல்’ என்று விரித்தே எழுத வேண்டியிருக்கும். நான் பார்வையிட்ட தமிழாக்கத்தில் அப்பெண் ‘சித்திரை’ முழுவதும் காத்திருந்தாள். தமிழில் சித்திரை ஆண்டின் தொடக்கம். மலைநாட்டுச் சௌரக் கணக்கில் சைத் ஆண்டின் கடைசி மாதம். ஆண்டு முடிவதற்குள் யாரேனும் வருவார்களா என்பதுதான் அக்கதையின் உயிர். பங்குனி என்று மாற்றியபின் கதை நிமிர்ந்து நின்றது.

பங்குனி என்று எழுதுவதிலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. நமக்கு அது வெயில் ஏறும் மாதம். அங்கே பனி உருகிப் பூ மலரும் காலம். ஞாயிற்றின் நிலை ஒன்றே, தட்பவெப்பம் வேறு. மூலப்பெயரையே நிறுத்திவிடலாமே என்று சிலர் கூறுவர். மாதப்பெயர் அணியன்று, அளவை என்பது என் கருத்து. காலத்தைப் பிறமொழிச் சொல்லில் நிறுத்தினால் வாசகர் அதனைத் தாமே பெயர்த்துக்கொள்வார்; சைத் என்பதைச் சித்திரை என்றுதான் பெயர்ப்பார். தட்பவெப்பத்தைக் கதையின் வருணனையே உணர்த்திவிடும்.

ஏனைய சங்கராந்திகள்

பைசாக் முதல் நாள் ‘பிகௌத்தி’. விஷுவதி என்பதன் திரிபு. வடநாட்டு உச்சரிப்பில் ஷகரம் ககரமாவது பழைய இயல்பு. கேரளத்தின் விஷு, துளுநாட்டின் பிசு, திருநெல்வேலிப் பகுதியின் சித்திரை விசு ஆகியன இதன் உடன்பிறப்புகள். பகலும் இரவும் ஒத்த நாளைக் குறித்த சொல், அயன நகர்வால் அந்நாளினின்று ஏறத்தாழ 24 நாள் விலகிய பின்னும் தன் இடத்தில் நிலைத்திருக்கிறது. துவாராஹாட்டில் அன்று பெருங்கூட்டம் கூடும். இத்தகைய கூட்டத்தைக் குமாவுனியில் ‘கௌதிக்’ என்பர்; கௌதுகம் என்பதன் அடியாக வந்தது. கட்வாலியில் ‘தௌல்’. வழிபாடு, வாணிகம், ஆட்டம், உறவினரைக் காணுதல் நான்கும் ஒருங்கு நிகழ்வதால் ‘சந்தை’யும் முழுதும் ஒவ்வாது, ‘திருவிழா’வும் முழுதும் ஒவ்வாது. வீட்டளவில் கொண்டாடும் ‘த்யார்’ என்பதைப் பண்டிகை என்றும் கௌதிக்கைத் திருவிழா என்றும் வேறுபடுத்தி எழுதுவது நடைமுறைக்கு உகந்தது.

பதோ முதல் நாள், ஆகஸ்டு 16 அல்லது 17இல், நெய்ப்பண்டிகை. கேரளத்தில் கொல்லம் ஆண்டு பிறக்கும் சிங்கம் முதல் நாளும் நம் ஆவணி முதல் நாளும் அதுவே. அன்று நெய் உண்ணாதவர் மறுபிறவியில் நத்தையாவர் என்பது நம்பிக்கை. இதன் மற்றொரு பெயர் ‘ஓல்கியா’. ‘ஓலக்’ என்றால் காணிக்கை. கைவினைஞரும் குடியானவரும் நிலவுடைமையாளர்க்குப் பொருள் கொண்டுசென்ற காலத்தின் எச்சம் அப்பெயர். விரியாத சேம்பிலைச் சுருள் காணிக்கைப் பொருள்களுள் ஒன்று. அசோஜ் முதல் நாள், அதாவது புரட்டாசி பிறக்கும் நாளில், கதரூவா என்னும் கால்நடை விழா. மாலையில் தீ மூட்டி அதில் வெள்ளரிக்காய் இடுவர். குமாவுன் படை கட்வால் தளபதி ஒருவனை வென்றதன் நினைவு என்று சொல்லப்படும் கதைக்கு வரலாற்றறிஞர்களின் ஏற்பு இல்லை. மாட்டின் நலமும் குளிரின் வரவுமே இதன் பொருள் என்று கொள்வது பொருத்தம்.

மாக் முதல் நாள் மகர சங்கராந்தி, ‘குகுதியா’. குகுதி என்பது புள்ளிப்புறா. கோதுமை மாவில் வெல்லப்பாகு சேர்த்துப் பிசைந்து, புறா, வாள், உடுக்கை முதலிய வடிவங்களில் பொரித்து, மாலையாகக் கோத்துச் சிறுவர் கழுத்தில் இடுவர். மறுநாள் காலையில் அவர்கள் காக்கையைக் கூவி அழைத்து அவற்றை ஊட்டுவர். சரயு ஆற்றின் ஒரு கரையில் இது பூஸ் மாத மசாந்த் அன்றே தொடங்குவதால் இரு கரைக்கும் ஒருநாள் வேறுபாடு உண்டு. நம் நாட்டில் பொங்கலுக்கு மறுநாள் பெண்கள் காக்கைக்குக் கணுப்பிடி வைப்பதை இதனோடு ஒப்பிடலாம். இங்கே உடன்பிறந்தார் நலம் வேண்டி மகளிர் வைப்பது. அங்கே சிறுவர்க்கு உரியது. மூலத்தின் ‘கு’ இரண்டும் மூச்சொலியோடு கூடியவை. தமிழெழுத்தில் அதைக் காட்ட இயலாது. தமிழர் இயல்பாக ‘குஹுதி’ என்றே படிப்பர். அது புறாவின் குரலுக்குத் தொலைவானதும் அன்று.

அதே நாளில் சரயுவும் கோமதியும் கூடும் பாகேசுவரில் உத்தராயணித் திருவிழா. 1921 சனவரியில் அங்கே கூடிய மக்கள், பத்ரி தத் பாண்டே முதலியோர் தலைமையில், அரசு அலுவலரின் சுமையை ஊதியமின்றித் தூக்கும் கட்டாயத்தை மறுத்து, ஊர்ப்பதிவேடுகளைச் சரயுவில் எறிந்தனர். இம்முறைக்கு இந்தியில் ‘கூலி பேகார்’ என்று பெயர். தமிழில் அப்படியே எழுதினால் விந்தையான விளைவு உண்டாகும். நமக்குக் கூலி என்பது உழைப்புக்குத் தரும் ஊதியம். அங்கே சுமை தூக்கும் ஆள். ‘பேகார்’ ஊதியமில்லா உழைப்பு. ஆகவே தமிழர் காதில் இத்தொடர் தன்னையே மறுப்பதாக ஒலிக்கும். ‘கூலி’ என்னும் வடநாட்டு வழக்கு தமிழிலிருந்து சென்றது என்போரும் கோளி என்னும் குலப்பெயரினின்று வந்தது என்போரும் உளர். எவ்வாறாயினும் இங்கே அதனைத் திரும்ப ஏற்றல் கூடாது. சோழர் காலக் கல்வெட்டுகளில் ஊதியமில்லாக் கட்டாய உழைப்பு ‘வெட்டி’ எனப்படுகிறது. ‘சுமைதூக்கும் வெட்டி’ என்பதே ஏற்ற தமிழாக்கம்.

திதி விழாக்கள்

மேற்கூறியவை அனைத்தும் சங்கராந்தியைப் பற்றியவை. அவற்றுக்கு மாதத்தை ஒன்று குறைத்து எழுதும் முறை மாறாது. திதியைப் பற்றிய விழாக்களுக்கு இது பொருந்தாது. சம்பாவத் மாவட்டத்துத் தேவிதுராவில் வாராகி கோயிலின்முன் நான்கு குழுக்கள் ஒன்றன்மீது ஒன்று கல்லெறியும் ‘பக்வால்’ சிராவணப் பௌர்ணமியில் நிகழ்வது (அண்மைக் காலத்தில் கல்லுக்கு மாற்றாகப் பழமும் பூவும் எறியப்படுகின்றன). அதனை ‘ஆடி’ என்று குறைத்தெழுதினால் பல ஆண்டுகளில் பிழையாகும். ஆவணி அவிட்டப் பௌர்ணமி என்று எழுதினால் எல்லா ஆண்டுக்கும் பொருந்தும். அல்மோராவின் நந்தா தேவி விழா பாத்ரபத வளர்பிறை எட்டாம் நாள். அது ஓராண்டு ஆவணியிலும் மற்றோராண்டு புரட்டாசியிலும் விழும். விநாயக சதுர்த்திக்கு நான்காம் நாள் என்பதே தெளிவான குறிப்பு. ஒரே பக்கத்தில் நெய்ப்பண்டிகையும் நந்தாஷ்டமியும் ‘பாதோ’ என்றே குறிக்கப்பட்டிருக்கும். முன்னது சௌரம், பின்னது சாந்திரம். சொல்லைப் பார்த்து இதனை அறிய இயலாது. விழாவைப் பார்த்தே அறிய வேண்டும்.

நந்தா தேவியின் பெயரால் ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கட்வாலின் நௌட்டி என்னும் ஊரிலிருந்து புறப்படும் ‘ராஜ் ஜாத்’ 2000இலும் 2014இலும் நிகழ்ந்தது. இதிலுள்ள ‘ஜாத்’ யாத்திரை என்பதன் திரிபு. யகரம் ஜகரமாகி, கூட்டொலி எளிதாயிற்று. சாதியைக் குறிக்கும் இந்திச் சொல்லோடு உருவொத்திருப்பதால் ‘அரச சாதியினர் விழா’ என்று ஒரு குறிப்பில் கண்டேன். அரச யாத்திரை என்பதே அதன் பொருள்.

நான் திருத்திய கதைத்தொகுப்பில் கடைசியாக எஞ்சியது ஒரே ஓரிடம். ஹரேலா முளையை உறையிலிட்டுத் தில்லியிலுள்ள மகனுக்குத் தாய் கடிதம் எழுதச் செய்கிறாள். தலைப்பில் ‘சாவன் 1 கதே’. மகன் விடை எழுதுகிறான். அவன் தலைப்பில் ‘சாவன்’ மட்டும், அதனோடு தேய்பிறைத் திதி ஒன்று. தாயின் கடிதத்தில் ‘ஆடி 1’ என்று எழுதினோம். மகனின் கடிதத்தில் சாவன் என்பதையும் திதியையும் அப்படியே விட்டோம். ஒரே சொல்லை ஈரிடத்தில் இருவகையாக ஏன் எழுதினீர்கள் என்று பதிப்பகத்திலிருந்து வினா வந்தது. ஒன்றாக்க வேண்டாம் என்று மொழிபெயர்ப்பாளர் விடை எழுதினார்.